41 மதிப்பெண்ணில் நின்ற முன்மொழிவு: ஒரு மாலை வகுப்பு அமைப்பு கல்வி நிதி பெற்ற நிகழ்வு ஆய்வு

பின்னணி

மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் வகுப்பு நடத்தும் சிறிய அமைப்பு அது. ஐந்து மையங்கள், பதிவேட்டில் 184 பிள்ளைகள், ஏழு தன்னார்வ ஆசிரியர்கள், ஒரு ஒருங்கிணைப்பாளர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆறு ஆண்டுகளுக்கு முன் தம் சேமிப்பைப் போட்டுத் தொடங்கினார். பிறகு பழைய மாணவர்களும் நண்பர்களும் கொடுத்ததை வைத்து ஓடிக்கொண்டிருந்தது. ஆறாம் ஆண்டில் கையிருப்பு கரைந்தது. தன்னார்வலர்களில் இருவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. அவர்கள் இடத்துக்கு ஆள் தேட வேண்டியிருந்தது. தொடக்கக் கல்விக்கு நிதி வழங்கும் அறக்கட்டளை ஒன்றின் அழைப்பு அப்போதுதான் அவர்கள் கண்ணில் பட்டது. விண்ணப்பித்தார்கள், கிடைக்கவில்லை.

நான் உள்ளே வந்தது அதற்குப் பிறகு. கல்வித் திட்டங்களுக்கு நிதி கேட்டு முன்மொழிவு எழுத உதவுவது என் வேலை. சில ஆண்டுகள் மதிப்பீட்டுக் குழுக்களில் உட்கார்ந்து, பிறர் எழுதியதைப் படித்து மதிப்பெண் போட்டிருக்கிறேன். இங்கே எழுதுவதற்குச் சம்பந்தப்பட்டவர்களின் சம்மதம் உண்டு. பெயர், இடம், அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டேன்.

முதல் முன்மொழிவில் இருந்தவை

23 பக்கங்கள். முதல் ஒன்பது பக்கங்களில் அமைப்பின் வரலாறும் நிறுவனரின் வாழ்க்கைக் குறிப்பும் கல்வியின் அவசியமும் இருந்தன. ‘கல்வி ஒவ்வொரு குழந்தையின் பிறப்புரிமை’ என்று தொடங்கியிருந்தார்கள். எழுதியவர் அதை மனதார நம்பித்தான் எழுதினார். ஆனால் படிப்பவரும் அதே நம்பிக்கையில்தான் தொடக்கக் கல்விக்கென்று பணம் ஒதுக்கியிருக்கிறார். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒன்றை அவருக்கு ஒன்பது பக்கம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

கேட்டிருந்தவை: 40 டேப்லெட்டுகள், ஒரு புரொஜெக்டர், 1,500 புத்தகங்கள், அவற்றை வைக்க அலமாரிகள். கேட்ட தொகையில் 71 விழுக்காடு பொருள்களுக்கே போனது. ஏழு ஆசிரியர்களுக்கு எதுவும் இல்லை. ‘தன்னார்வலர்கள் சேவை மனப்பான்மையுடன் நடத்துவர்’ என்று ஒரு வரி மட்டும். விளைவு என்ற தலைப்பின் கீழ் ‘பிள்ளைகளின் கற்றல் திறன் மேம்படும், தன்னம்பிக்கை வளரும், இடைநிற்றல் குறையும்’. இதை எப்படி அறிவீர்கள் என்ற கேள்விக்கு ‘மாதந்தோறும் கண்காணிக்கப்படும்’.

நிராகரிப்பும் அதற்குப் பின் ஒரு மின்னஞ்சலும்

வந்த கடிதத்தில் இரண்டே வரிகள். காரணம் எதுவும் இல்லை. மதிப்பீட்டு விவரத்தைக் கேட்டு எழுதுங்கள் என்றேன். நிறுவனருக்கு மனம் வரவில்லை. “கேட்டோம், இல்லை என்றார்கள். மறுபடியும் போய் ஏன் என்று நிற்பது சரியா சார்?” என்றார். அவர் தயக்கம் புரிந்தது. தம் பணத்தைப் போட்டு நடத்திய மனிதர், பிறரிடம் கேட்டுப் பழகாதவர். கடைசியில் ஒருங்கிணைப்பாளர்தான் நான்கு வரியில் மின்னஞ்சல் எழுதினார்: அடுத்த முறை சரியாகச் செய்ய விரும்புகிறோம், எங்கள் விண்ணப்பம் எந்தெந்த இடத்தில் குறைவாக இருந்தது என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். எட்டு நாளில் பதில் வந்தது.

தேவை: 15க்கு 13. திட்ட வடிவம்: 30க்கு 9. அளவிடும் முறை: 20க்கு 3. அமைப்பின் திறன்: 15க்கு 10. பட்ஜெட்: 20க்கு 6. மொத்தம் 100க்கு 41.

நிறுவனர் அதுவரை ‘நம்மை நம்பவில்லை’ என்றே எண்ணியிருந்தார். நம்பிக்கைக்கு உரிய இரண்டு பகுதிகளில்தான் நல்ல மதிப்பெண். கைவிட்டது மற்ற மூன்றும். இந்தப் பங்கீடு அழைப்பின் மூன்றாம் இணைப்பில் அச்சாகியே இருந்தது. முதல் இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு எழுத உட்கார்ந்ததால் யாரும் அதுவரை போகவில்லை. திட்ட வடிவமும் அளவிடும் முறையும் சேர்ந்து பாதி மதிப்பெண் என்பது தெரிந்திருந்தால், அந்த ஒன்பது பக்கங்கள் அங்கே போயிருக்கும்.

மையங்களில் கவனித்தவை

அடுத்த அழைப்புக்கு நான்கு மாதம் இருந்தது. முதல் மாதம் ஒரு வரிகூட எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நானும் ஒருங்கிணைப்பாளரும் மையம் மையமாகப் போய்ப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

இரண்டாவது மையத்தில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் பாடப்புத்தகத்தைத் திறந்து எங்களுக்குப் படித்துக் காட்டினாள். குரல் தெளிவாக இருந்தது, தடங்கலே இல்லை. ஒருங்கிணைப்பாளர் மகிழ்ந்து போனார். நான் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் மூன்றாவது வரியில் இருந்தது, குரல் ஐந்தாவது வரிக்குப் போய்விட்டது. பக்கம் முடிந்த பிறகும் அவள் சொல்லிக்கொண்டே போனாள். அடுத்த பக்கத்தை இன்னும் புரட்டவில்லை. பாடம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். வேறொரு தாளில் ஐந்து எளிய சொற்களைக் காட்டினோம். முதல் சொல்லின் எழுத்துகளைத் தனித்தனியாகச் சொன்னாள். சேர்த்துச் சொல்ல வரவில்லை. பிறகு தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தாள்.

இரண்டு ஆண்டுகளாக அந்த மையத்துக்கு வரும் பிள்ளை அவள். ஆசிரியை அக்கறையானவர்தான். பாடப்புத்தகத்தை மட்டுமே வைத்துச் சொல்லிக்கொடுத்ததால், படிக்கத் தெரியாது என்பது வெளியே தெரியவே வாய்ப்பு இல்லாமல் போயிருந்தது.

அன்றிரவே எல்லாப் பிள்ளைகளையும் சோதிப்பது என்று முடிவானது. எந்தச் சோதனை என்பதில் கொஞ்சம் யோசனை. அமெரிக்க ஆய்வு நிறுவனமான ஆர்டிஐ இன்டர்நேஷனல் 2006இல் உருவாக்கத் தொடங்கிய ‘எக்ரா’ என்ற தொடக்க வகுப்பு வாசிப்புச் சோதனை நுட்பமானது. ஒரு நிமிடத்தில் எத்தனை எழுத்து, எத்தனை சொல் என்று நேரம் வைத்து அளக்கும். அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். 2005 முதல் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் ‘அசர்’ கற்றல் நிலைக் கணக்கெடுப்பில் பயன்படும் தாள் எளிது: எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவிலான பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான கதை. பத்தியிலிருந்து தொடங்க வேண்டும். வராவிட்டால் சொல்லுக்கு இறங்க வேண்டும். ஐந்து சொல்லில் நான்கு சரியானால் சொல் நிலை. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் போதும், தன்னார்வலர்களே செய்யலாம். இதையே எடுத்துக்கொண்டோம்.

நான்கு மாலைகளில் 171 பிள்ளைகளைச் சோதித்தோம். எழுத்தும் வராதவர்கள் 14. எழுத்து நிலை 38. சொல் நிலை 47. பத்தி 41. கதை 31. அதாவது, ஒரு பத்தியைப் படிக்க இயலாதவர்கள் 99 பேர், 58 விழுக்காடு. நிறுவனர் இந்த எண்களை இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். அதன் பிறகு சற்று நேரம் யாரும் பேசவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

டேப்லெட்டை விடுவது. இதுதான் நீண்ட விவாதமாக நடந்தது. வசதியான பிள்ளையின் கையில் இருக்கும் பொருள் நம் பிள்ளையின் கையிலும் இருக்க வேண்டாமா என்று நிறுவனர் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில் முன்பின் வரிசையைப் பற்றியதாக இருந்தது. பெரு நாட்டில் 319 கிராமப்புறப் பள்ளிகளில் ‘பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தை ஆராய்ந்து 2012இல் வெளியான முடிவைக் காட்டினேன். மாணவருக்கு 0.12 ஆக இருந்த கணினி எண்ணிக்கை 1.18 ஆக உயர்ந்தது. மொழியிலும் கணிதத்திலும் முன்னேற்றம் தென்படவில்லை. ஐந்து சொல்லைச் சேர்த்துப் படிக்க வராத பிள்ளையிடம் திரையைக் கொடுத்தால் அவள் திரையிலிருந்தும் எங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள் என்றார் ஒருங்கிணைப்பாளர். அந்தப் பேச்சு அங்கே முடிந்தது.

புத்தகங்களைக் குறைப்பது. 1,500 புத்தகங்கள் 300 ஆயின, அவையும் நிலைவாரியாகப் பிரித்து. கென்யாவில் பாடநூல் வழங்கிப் பார்த்த கிளெவ், கிரெமர், மூலின் ஆகியோரின் ஆய்வு நினைவில் இருந்தது: நூல்களால் பயன்பெற்றவர்கள் ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளே, மற்றவர்களுக்கு அந்நூல்களின் மொழியே எட்டவில்லை. எங்கள் பழைய பட்டியலில் இருந்த புத்தகங்களில் பெரும்பாலானவை கதை நிலைக்கும் மேலானவை. 31 பிள்ளைகளுக்காக 1,500 புத்தகம் கேட்டிருந்தோம்.

வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் குழு பிரிப்பது. மும்பையிலும் வதோதராவிலும் பின்தங்கிய பிள்ளைகளுக்கு அந்தப் பகுதி இளம்பெண்களை அமர்த்திச் சொல்லிக்கொடுத்த திட்டத்தைப் பற்றி பானர்ஜி, கோல், டுஃப்ளோ, லிண்டன் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு எங்கள் நிலைக்கு மிக அருகில் இருந்தது. ஆசிரியப் பட்டம் இல்லாதவர்களும் சரியான முறையும் பயிற்சியும் இருந்தால் முன்னேற்றம் கொண்டுவர முடியும் என்பதற்கு அது சான்று. முன்மொழிவில் அதற்கு மூன்றே வரி கொடுத்தோம். பிறர் செய்ததைப் பக்கம் பக்கமாக எடுத்துப் போடுவதால் மதிப்பெண் கூடாது. எங்கள் 171 பிள்ளைகளுக்கு அது ஏன் பொருந்தும் என்பதுதான் படிப்பவருக்குத் தேவை.

ஆசிரியர்களுக்கு ஊக்கத்தொகை. ஆறு ஆண்டுகளில் ஏழு இடங்களுக்கு 19 பேர் வந்து போயிருந்தார்கள். நிறுவனருக்கே இந்த எண் புதிது. பழைய வருகைப் பதிவேடுகளைப் புரட்டி எண்ணினோம். ஒவ்வொரு முறையும் புதியவர் பழகப் பல வாரம் போயிருக்கிறது. சேவை மனப்பான்மைக்குக் கூலியா என்று தயங்கியவர், இந்த எண்ணைப் பார்த்த பின் சம்மதித்தார்.

இலக்கு. நூறு விழுக்காடு என்று எழுத வேண்டும் என்றார் நிறுவனர். எழுத்தும் வராத 14 பிள்ளைகள் பத்து மாதத்தில் பத்திக்குப் போவது நடக்காது. நடக்காததை எழுதினால் மதிப்பீட்டாளர் அதை ஆர்வம் என்று நினைக்கமாட்டார், அனுபவமின்மை என்று நினைப்பார். பத்தியும் அதற்கு மேலும் படிப்பவர்கள் இப்போது 42 விழுக்காடு. பத்து மாதத்தில் 70 விழுக்காடு என்று வைத்தோம். 70 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சொல் நிலையில் உள்ள 47 பேர் அனைவரும் பத்திக்கு ஏறுவார்கள் என்ற கணக்கிலிருந்து வந்தது.

பட்ஜெட்டும் எழுத்தும் ஒன்றையொன்று சோதித்தது

இந்தப் பகுதியை யாரேனும் அப்படியே எடுத்துச் செய்தால் மகிழ்வேன். வரைவு முடிந்ததும் இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்தோம். ஒருவர் திட்ட விவரத்தை உரக்கப் படிப்பார். ‘செய்வோம்’ என்று எந்த வரி முடிந்தாலும் மற்றவர் பட்ஜெட்டில் அதற்கான வரியைத் தேடி அடிக்கோடு போடுவார். யார், எத்தனை நாள், எதைக் கொண்டு?

முதல் சுற்றில் ஒன்பது செயல்களுக்குப் பணமே இல்லை. மாதம் இரு முறை மையத்துக்கு வழிகாட்டி வருவார் என்று எழுதியிருந்தோம். அவருடைய பயணச் செலவு எங்கும் இல்லை. ஆறு வாரத்துக்கு ஒரு சோதனை என்றிருந்தோம். தாள் அச்சிடவும் அந்த மாலைகளில் கூடுதலாக வரும் இருவருக்கும் தொகை இல்லை. மறுபக்கம், மூன்று பட்ஜெட் வரிகளுக்கு விவரத்தில் ஒரு சொல்கூட இல்லை. அவற்றில் ஒன்று அந்தப் பழைய புரொஜெக்டர். யார் கண்ணிலும் படாமல் முதல் வரைவிலிருந்தே கூட வந்துவிட்டது.

கடைசியில் நின்ற பங்கீடு: ஆசிரியர்களும் ஒருங்கிணைப்பாளரும் 58 விழுக்காடு, பயிற்சியும் வழிகாட்டலும் 14, புத்தகமும் கற்றல் பொருளும் 11, சோதனை 7, நிர்வாகம் 10. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எண்ணிக்கை, மாதம், ஒன்றுக்கு எவ்வளவு என்று பெருக்கிக் காட்டினோம்.

நிர்வாகச் செலவைக் கேட்கவே பல சிறு அமைப்புகள் கூச்சப்படுகின்றன. பூஜ்யம் போட்டால் சிக்கனமாகத் தெரியும் என்ற எண்ணம். கணக்கு எழுதுபவர், தணிக்கை, மின்சாரம், தொலைபேசி இல்லாமல் எந்தத் திட்டமும் நடப்பதில்லை என்பது நிதி கொடுப்பவர்களுக்கும் தெரியும். அமெரிக்க அரசின் கூட்டாட்சி நிதி விதிகளில், தனியாக விகிதம் பேசி முடிக்காத அமைப்புகளுக்கு 10 விழுக்காடாக இருந்த மறைமுகச் செலவு (நிர்வாகம் போன்ற பொதுச் செலவு) வரம்பு 2024 அக்டோபர் முதல் 15 ஆக உயர்ந்தது. இந்த அறக்கட்டளையின் வரம்பு 10, முழுவதையும் கேட்டோம்.

படிவத்தில் லாக்ஃப்ரேம் அட்டவணை ஒன்றும் இருந்தது, திட்டத்தின் நோக்கம், செயல், அளவுகோல், அனுமானம் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டுவது. 1969 வாக்கில் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் நிறுவனத்துக்காக உருவாக்கப்பட்ட நான்குக்கு நான்கு கட்டம். இன்றும் பல படிவங்களில் அதன் வடிவம் மாறவில்லை. நான்காவது நெடுவரிசை ‘அனுமானங்கள்’. அதில் ‘பிள்ளைகள் தொடர்ந்து வருவார்கள்’ என்று எழுதினோம். எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டோம். இந்த வரி பின்னால் திரும்ப வரும்.

குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை எழுத்தில் இல்லை. எழுதி, ஏழு ஆசிரியர்களுக்கும் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினோம். பள்ளித் தலைமையாசிரியர்களின் ஒப்புதல் கடிதங்களையும் இணைத்தோம். மொத்தம் 11 பக்கம். முதல் பக்கத்தில் சோதனையின் அந்த ஐந்து எண்கள்.

அனுப்பிய பின்

ஆறு வாரத்தில் தொலைபேசியில் அழைத்தார்கள். கேட்ட கேள்விகளில் ஒன்று எங்களைத் தடுமாற வைத்தது: “பத்து மாதம் போனால் எந்தப் பிள்ளையும் பள்ளியில் கொஞ்சம் கற்றுக்கொள்ளும். உயர்வில் எவ்வளவு உங்கள் வேலையால் வந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?” எங்களிடம் பதில் இல்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று ஒருங்கிணைப்பாளர் நேராகச் சொல்லிவிட்டார். வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிக்காதது நல்லதாயிற்று.

பிறகு ஓர் அலுவலர் மையத்துக்கு வந்தார். தயாராக வைத்திருந்த கோப்புகளை அவர் அதிகம் பார்க்கவில்லை. ஒரு பையன் அருகே உட்கார்ந்து, ஆசிரியையிடம் இவன் எந்த நிலை, அடுத்த நிலைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். ஆசிரியை தன் நோட்டைத் திறந்து, சொல் நிலை, கூட்டெழுத்தில் தடுமாறுகிறான், இந்த வாரம் அதைத்தான் எடுத்திருக்கிறேன் என்றார். அவருக்கு நாங்கள் எதையும் சொல்லிக் கொடுத்து வைக்கவில்லை. சோதனைத் தாள் கையில் இருந்ததால் அவருக்கே தெரிந்திருந்தது.

நிதி ஒப்புதலானது, கேட்டதில் 60 விழுக்காடு.

இங்கே இரண்டு வழி இருந்தது. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி ஐந்து மையங்களையும் நடத்துவது ஒன்று. மூன்று மையங்களை முழு அளவில் தொடங்கி, மீதி இரண்டை ஐந்து மாதம் கழித்துச் சேர்ப்பது மற்றது. ஊக்கத்தொகையைக் குறைத்தால் மறுபடியும் ஆள் போய்விடும் என்பதால் இரண்டாவதை எடுத்தோம். அந்த இரண்டு மையங்களில் பழைய முறை வகுப்பு நிற்காமல் நடந்தது. எந்த மையம் முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தோம். தொலைபேசியில் கேட்ட கேள்விக்கான பதிலும் இதிலேயே கிடைத்தது: ஐந்து மாத முடிவில் இரு பக்கத்தையும் ஒப்பிடலாம். இதை அறக்கட்டளைக்கு எழுதியபோது உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் அதே கடிதத்தில் ஒரு தவறும் செய்தோம். பணம் 60 விழுக்காடாகக் குறைந்தது, இரண்டு மையங்களுக்குப் பாதிக் காலம்தான் கிடைக்கும். இலக்கை மட்டும் 70 என்றே விட்டோம். குறைத்தால் மனம் மாறிவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது.

ஓராண்டில் நடந்தவை

ஐந்தாம் மாதச் சோதனையில் மூன்று மையங்களில் பத்தியும் மேலும் படிப்பவர்கள் 92 பேரில் 55, அதாவது 60 விழுக்காடு. தொடக்கத்தில் 104 பேரில் 43, 41 விழுக்காடு. 19 புள்ளி உயர்வு என்று அறிக்கை எழுதத் தொடங்கியபோது ஒருங்கிணைப்பாளர் நிறுத்தினார். அந்த 12 பேர் எங்கே?

பதிவேட்டைப் பார்த்தால், வராமல் போன 12 பேரில் 10 பேர் பத்தி படிக்க இயலாதவர்கள். பின்தங்கியவர்கள் போய்விட்டதாலேயே விழுக்காடு கொஞ்சம் ஏறியிருந்தது. இரு முறையும் சோதித்த 92 பேரை மட்டும் எடுத்தால் தொடக்கம் 41 பேர், 45 விழுக்காடு. உயர்வு 15 புள்ளி. மற்ற இரண்டு மையங்களில் இதே போல் 61 பேரில் 28இலிருந்து 31. 46 விழுக்காட்டிலிருந்து 51, ஐந்து புள்ளி. ஆக, புதிய முறையால் வந்தது என்று சொல்லத்தக்கது சுமார் பத்துப் புள்ளி. பிள்ளைகளின் எண்ணிக்கை சிறியது, ஆகவே இதையும் உறுதியாகச் சொல்லக்கூடாது என்று அறிக்கையில் எழுதினோம்.

ஆண்டு இறுதியில் ஐந்து மையங்களிலும் சேர்த்து, தொடக்கத்திலும் முடிவிலும் சோதித்தவர்கள் 148 பேர். அவர்களில் 66 பேர் பத்தி படித்த இடத்தில் இப்போது 95 பேர். 64 விழுக்காடு. இலக்கு எட்டவில்லை.

அப்போது ஒரு யோசனை வந்தது. முக்கால்வாசி நாளாவது வந்த பிள்ளைகளை மட்டும் எடுத்தால் 106 பேரில் 76, 72 விழுக்காடு. இலக்கைத் தாண்டிவிடும். முன்மொழிவில் ‘பிள்ளைகளில் 70 விழுக்காடு’ என்றுதான் எழுதியிருந்தோம். எந்தப் பிள்ளைகள் என்று எழுதவில்லை, ஆகவே எழுத்துப்படி பொய்யும் ஆகாது. நிறுவனர் மறுத்தார். வராத பிள்ளையும் நம் பிள்ளைதான் என்றார். 64ஐ மேலேயும் 72ஐ அதன் கீழே விளக்கத்தோடும் கொடுத்தோம். நடுவில் விட்டுப்போன 23 பேரில் 17 பேர் பத்தி படிக்க இயலாதவர்கள் என்பதையும் எழுதினோம்.

அறக்கட்டளையிடமிருந்து வந்த பதிலில் இலக்கு தவறியதைப் பற்றி ஒரு வரிதான். மீதி முழுக்க அந்த 23 பேரைப் பற்றிய கேள்விகள். இரண்டாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

தொகை குறைந்த அன்றே இலக்கையும் திருத்தி எழுதியிருக்க வேண்டும். இது என் பிழை. அவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். குறைத்த இலக்குக்காக ஒப்புதலைத் திரும்பப் பெற்ற நிதி அமைப்பு எதையும் நான் கண்டதில்லை.

விழுக்காடு என்று எழுதும் இடத்தில் எதில் விழுக்காடு என்பதையும் எழுத வேண்டும். தொடக்கச் சோதனையில் இருந்த அனைவரிலா, முடிவிலும் இருந்தவர்களிலா, ஒழுங்காக வந்தவர்களிலா? முன்கூட்டியே எழுதியிருந்தால் ஆண்டு இறுதியில் அந்த யோசனைக்கே இடமில்லை.

அனுமான நெடுவரிசையில் எழுதிய ‘பிள்ளைகள் தொடர்ந்து வருவார்கள்’ என்பதுதான் திட்டம் வழுக்கிய இடம். இரண்டாம் முன்மொழிவில் அது அனுமானத்திலிருந்து செயல்பாட்டுக்கு மாறியது: ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று மாலை வராவிட்டால் ஆசிரியர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். அதற்குப் பட்ஜெட்டில் தனி வரி. அந்த நேரத்துக்கும் தொகை உண்டு.

திட்டம் முடிந்த பின் என்ன என்பதற்கு நாங்கள் ஒரு பத்தியோடு நிறுத்திக்கொண்டோம். மும்பை, வதோதரா ஆய்விலேயே, திட்டம் நின்று ஓராண்டுக்குப் பிறகு பயன் கணிசமாகத் தேய்ந்தது பதிவாகியிருக்கிறது. அதை முதல் மேற்கோளில் விட்டுவிட்டது சரியில்லை. இப்போது, பத்தி நிலைக்கு வந்த பிள்ளைகளை ஆறு மாதம் கழித்து மறுபடி சோதிப்பது திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

கடைசியாக அளவுகோல். பத்தியைத் தொட்டவர்களை மட்டும் எண்ணினோம். மனப்பாடமாகப் படித்துக் காட்டிய அந்தச் சிறுமி ஆண்டு இறுதியில் ஐந்து சொல்லில் ஐந்தையும் படித்தாள். விரலும் குரலும் ஒரே இடத்தில் இருந்தன. பத்தி இன்னும் வரவில்லை. ஆகவே எங்கள் 64 விழுக்காட்டில் அவள் இல்லை. இரண்டாம் முன்மொழிவின் முதல் அளவுகோலை ஒருங்கிணைப்பாளரே எழுதினார்: தொடக்கத்தில் இருந்த நிலையிலிருந்து ஒரு நிலையாவது மேலே போன பிள்ளைகள் எத்தனை பேர், எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு.